ஊர் மன்றத்தைப் பதிவது: சங்கமாகவா, டிரஸ்ட்டாகவா?

கபடிக் குழுவோ படிப்பகமோ, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கப் போகும்போதுதான் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு வழிகள் பேசப்படும். ஒன்று, 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம். இன்னொன்று டிரஸ்ட். கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி லாப நோக்கில்லாத கம்பெனியாகப் பதியும் வழியும் உண்டு. ஆனால் அதற்கான ஆடிட்டர் செலவு சின்ன மன்றத்துக்குத் தாங்காது.

டிரஸ்ட் சுலபம். பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், துணை விதிகள் (சங்கம் தன்னை நடத்திக்கொள்ள எழுதிவைக்கும் விதிகள்) வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகி மாறினால் 7ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் டிரஸ்ட் பக்கம் போகிறார்கள்.

சரி, சந்தா கட்டுகிறவர் பக்கம் நின்று பாருங்கள். டிரஸ்ட்டில் அவர் வெறும் நன்கொடையாளர். டிரஸ்ட்டை நடத்தும் ஒருவரைப் பத்திரத்தில் 'ஆயுள் அறங்காவலர்' என்று எழுதிவிட்டால், அந்த அறங்காவலரை மாற்றப் பொதுக்குழு கிடையாது. பொது டிரஸ்ட் என்றால் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போடலாம். தெருமுனை மன்றத்துக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

சங்கத்தில் செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மறுபடியும் வரலாம், ஆனால் உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கில் சந்தேகம் வந்தால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்துப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்: ஊர்ப் பணத்தில் நடக்கும் மன்றம் சங்கமாகத்தான் இருக்க வேண்டும்.

சங்கம் கெட்டுப்போவது பெரும்பாலும் தீர்மான நோட்டில்தான். கூட்டத்தில் முதலில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேலே விட்ட வெற்றிடத்தில் தீர்மானம் அப்புறம் ஏறும். எழுதி, வாசித்து, கடைசி வரிக்கு ஒட்டியே கையெழுத்து வாங்குங்கள். துணை விதிகளையும் வேறு சங்கத்திலிருந்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள்) எத்தனை பேர், காசோலையில் எந்த இருவர் கையெழுத்து, சந்தா பாக்கி உள்ளவருக்கு ஓட்டு உண்டா என்பதையெல்லாம் உங்கள் ஊருக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். தேர்தல் தகராறில் இந்த மூன்றும்தான் முதலில் கிளம்பும்.

டிரஸ்ட்டே பொருந்தும் இடமும் இருக்கிறது. ஒருவர் தன் தாயின் நினைவாக நூலகத்துக்கு நிலம் கொடுக்கிறார் என்றால், நாளைய பெரும்பான்மை அதைக் கல்யாண மண்டபமாக்கிவிடக் கூடாது. அங்கே நிலம் டிரஸ்ட்டின் பெயரில் இருக்கட்டும். நூலகத்தை நடத்தும் பொறுப்பை ஒப்பந்தம் போட்டுச் சங்கத்திடம் கொடுக்கலாம்.