குட்டித் தீவனத்தில் பூஞ்சை நச்சு: சல்லடையா, அமிலமா, களிமண் பொடியா?

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மதுரைப் பக்கத்து வெண்பன்றிப் பண்ணைகளில் மக்காச்சோள மூட்டை வேர்க்க ஆரம்பிக்கும். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் பெரும்பாலும் தைக்கு மேல்தான் களத்துக்கு வரும். அதுவரை ஓட்டுவது பழைய சரக்கு. வேர்த்த சரக்கில் பூஞ்சை பிடித்து நச்சைக் கக்கும். பெரிய பன்றி அதை ஓரளவு தாங்கிவிடும். பால் மறந்த குட்டி தாங்காது. உடல் எடைக்கு அதுதான் அதிகம் தின்கிறது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு ஈரலைக் கெடுத்து, நோய் எதிர்ப்பையும் குறைத்துவிடும். போட்ட தடுப்பூசிகூடச் சரியாகப் பிடிக்காது. அமெரிக்காவில் இளம் விலங்குகளுக்கான சோளத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின்தான் வரம்பு. 45 கிலோ தாண்டிய கொழுக்கும் பன்றிக்கு 200 வரை விடுகிறார்கள். குட்டிக்கும் பெரியதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

கடையில் போய்க் கேட்டால் இரண்டு சரக்கைக் காட்டுவார்கள்: பூஞ்சைத் தடுப்பு அமிலம், டாக்சின் பைண்டர். இரண்டும் ஒன்று என்றே பலரும் நினைக்கிறார்கள். வேலை வேறு. புரோபியானிக் அமிலம் பூஞ்சையை வளரவிடாது, அவ்வளவுதான். பூஞ்சை ஏற்கெனவே கக்கிவிட்ட நச்சை அது தொடக்கூடத் தொடாது. நல்ல சோளத்தை மழைக்காலம் முழுக்கக் காப்பாற்ற அமிலம் அருமையான பொருள். கெட்ட சோளத்தில் தெளித்தால் வாடை போகும், விஷம் இருக்கும். வேக வைத்தாலும் இதே கதைதான். ஓட்டல் கழிவைக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும், ஆனால் அது கிருமிக்காக. கொதிநீர்ச் சூட்டில் அஃப்ளாடாக்சின் அழியாது.

பைண்டர் என்பது பெரும்பாலும் பென்டோனைட் மாதிரியான களிமண் பொடி. குடலில் அஃப்ளாடாக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடும். 100 கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டியதில்லை. கூடப் போட்டால் சத்துகளையும் சில மருந்துகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு பெரிய குறை உண்டு: ஃபியூசேரியம் பூஞ்சையின் நச்சுகளிடம் களிமண்ணின் ஜம்பம் அதிகம் சாயாது. பெண் குட்டிகளின் பிறப்புறுப்பு பருவம் வந்ததுபோல் சிவந்து வீங்கினால் அந்த நச்சுகளில் ஒன்றான சியராலினோன் மீது சந்தேகம் வர வேண்டும். குட்டி தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகினால், வாந்தி எடுத்தால், இன்னொரு ஃபியூசேரியம் நச்சான வாமிடாக்சினாக இருக்கலாம். அந்த இடத்தில் ஈஸ்ட் செல்சுவரோ நொதியோ கலந்த பைண்டர் கொஞ்சம் உதவும், விலை கூடுதல். பையில் ‘எல்லா நச்சுக்கும்’ என்று போட்டிருந்தால் எந்த நச்சுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பையை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால் முதல் காசு தார்ப்பாய்க்கும் சல்லடைக்கும் போக வேண்டும். நச்சு அதிகம் தங்குவது உடைந்த மணியிலும் குருணையிலும் தூசியிலும்தான். அரைப்பதற்கு முன் சலித்து அதை ஒதுக்கினாலே சுமை கணிசமாக இறங்கும். ஒதுக்கியதைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள், அதுவும் உயிர்தானே. ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லையா? காய்ந்த பாட்டிலில் கொஞ்சம் சோளமும் உலர்ந்த உப்பும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் சரக்கு இன்னும் ஈரம், களத்துக்கே திருப்புங்கள்.

நல்லதில் கெட்டதைக் கலந்து ஓட்டும் பழக்கமும் இருக்கிறது. குட்டித் தீவனத்துக்கு அது வேண்டவே வேண்டாம். நல்ல மூட்டையைக் குட்டிக்கு எடுத்து வையுங்கள். சந்தேகச் சரக்கைப் பரிசோதித்த பிறகு, பைண்டர் சேர்த்து, கொழுக்கும் பன்றிக்குக் கொடுக்கலாம். சினைப்பன்றிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கூடாது. கடலைப் புண்ணாக்கிலும் அஃப்ளாடாக்சின் எளிதில் சேரும். அதில் யோசிக்கவே வேண்டியதில்லை, குட்டிக்குச் சோயா புண்ணாக்குக்கு மாறிவிடுவது நல்லது.

பரிசோதனைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் முடிவு ஏமாற்றிவிடும். நச்சு ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அடி மூட்டை, சுவரோர மூட்டை, நடு மூட்டை என்று பல இடத்தில் குத்தூசியால் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வழியிலேயே வேர்த்துவிடும். காகிதப் பையோ துணிப்பையோ போதும்.