பட்ஜெட் ஃபிஷிங் கயாக்: தாமிரபரணியிலும் மணப்பாடு பக்கமும் ஓட்டிப் பார்த்த வரைக்கும்

கயாக் என்கிற, துடுப்பால் தள்ளும் குறுகலான சின்னப் படகில் எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அதை வீட்டில் எங்கே வைப்பீர்கள், யார் தூக்குவது, எந்த வண்டியில் போகும் என்பதைத்தான். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ராடு ஹோல்டர் எத்தனை, ஃபிஷ் ஃபைண்டர் மாட்ட இடம் இருக்கா, பெடல் உண்டா என்று அவர்கள் மனசு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் இருந்துகொண்டு இத்தனை காலம் ஒரே கயாக்கை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் கடலோரத்துக்கும் கொண்டுபோய் வந்ததில் சொல்கிறேன், விடிகாலை நாலரை மணிக்கு ஒரே ஆளாக வண்டியில் ஏற்ற முடிகிற கயாக்தான் தண்ணீருக்குப் போகும். மற்றதெல்லாம் கார் ஷெட்டில் கிடக்கும்.

என்னிடம் இருப்பது 10.5 அடி நீளம், 32 அங்குல அகலம், ஒரு ஆள் மேல்தட்டின் மேலேயே உட்காரும் சிட்-ஆன்-டாப் வகை. சீட்டைக் கழற்றிவிட்டால் 27 கிலோ. தாங்குகிற எடை 140 கிலோ என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது, அதில் முக்கால் பங்குக்குள் ஆளும் சாமானும் அடங்கினால்தான் உட்காரும் இடத்தில் தண்ணீர் தேங்காது. நம் நாட்டிலேயே செய்தது. துடுப்பு, சீட், பார்சல் லாரிக் கூலி எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பிளாஸ்டிக்தானே, உடைந்துவிடாதா என்று கேட்பார்கள். மொட்டை மாடியில் இருக்கிற தண்ணீர் டேங்க்கை எப்படிச் செய்கிறார்களோ அதே முறைதான் இதுவும். பாலித்தீன் பொடியை அச்சுக்குள் போட்டு, சூடாக்கிக்கொண்டே இரண்டு பக்கமும் சுழற்றுவார்கள், பொடி உருகி உள்சுவரில் படிந்து ஒட்டில்லாத ஒரே துண்டாக வரும். அதனால் பாறையில் இடித்தால் கீறும், சொட்டை விழும், லேசில் உடையாது. ஒரே சிக்கல், சாதாரணப் பசை எதுவும் இந்த பிளாஸ்டிக்கில் பிடிக்காது. கீழே எனக்கு விரிசல் விட்டபோது எம்-சீல், ஃபெவிக்விக் என்று நேரத்தை வீணாக்காமல், டேங்க் ரிப்பேர் பார்க்கிற பிளாஸ்டிக் வெல்டிங்காரரிடம் கொண்டுபோனேன். அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஒட்டிக் கொடுத்தார், கூலி ஒரு டீ பார்ட்டி செலவுகூட இல்லை, இன்றுவரை ஒழுகவில்லை. விரிசல் விட்டது, மேலே ஏறுகிற தண்ணீர் வடிய அடிவரை விட்டிருக்கும் ஸ்கப்பர் ஓட்டைப் பக்கத்தில். அந்த ஓட்டையில் கம்பியைச் செருகித் தள்ளுகிற சின்னச் சக்கர வண்டி ஒன்று விற்கிறார்கள் இல்லையா, அது மொத்தப் பாரத்தையும் அந்த மெல்லிய இடத்தில்தான் ஏற்றும். பட்டை போட்டு அடியில் தாங்குகிற வண்டியை வாங்குங்கள், சக்கரம் அகலமாக இருக்கட்டும். உவரி மணலில் மெல்லிசு சக்கரம் புதைந்து நின்றுவிடும், அப்புறம் வண்டியையும் சேர்த்துத் தூக்க வேண்டியதுதான்.

உள்ளே காலை நீட்டி உட்காரும் சிட்-இன் வகையை நம் பக்கத்து மீன்பிடிக்கு நான் சொல்ல மாட்டேன். கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும், நடுக்கடலில் இறைத்து ஊற்றுவது லேசான காரியம் இல்லை. சிட்-ஆன்-டாப்பில் மேலே ஏறுகிற தண்ணீர் ஸ்கப்பர் ஓட்டை வழியாகத் தானே இறங்கிவிடும். புன்னக்காயலில் ஒரு பெரியவர் என் கயாக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கட்டுமரந்தான தம்பி, பிளாஸ்டிக்ல செஞ்சிருக்கான், வேற என்ன?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அலை மேலே ஏறினாலும் மரத்துக்கு மரம் இருக்கிற இடுக்கில் இறங்கிப்போகும், மிதப்பு போகாது என்பதை அவருக்கு நான் போய் விளக்கவா முடியும்?

காற்றடிக்கிற கயாக்கை நான் குறைசொல்லவில்லை. சகலை ஒன்று வைத்திருக்கிறார், மடித்தால் டிக்கியில் போய்விடும், விலையும் பாதிக்குக் கீழே. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் தாமிரபரணிக் கரையில் இறங்குகிற இடமெல்லாம் உடைமுள். மீன் முள்ளும் தூண்டில் கொக்கியும் போதாதென்று இது வேறு. போதாக்குறைக்கு லேசாக இருப்பதால் காற்று தள்ளிக்கொண்டு போகும், ஒரு இடத்தில் நின்று தூண்டில் போடவே முடியாது. அமைதியான குளத்துக்கு ஓகே. கடலுக்கு வேண்டாம்.

பெடல் கயாக் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். காலால் மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் தூண்டிலைப் பார்க்கலாம், அது பெரிய வசதிதான், ஹோபி நிறுவனம் 1997இல் அந்தத் துடுப்புச்சிறகு முறையைக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்க மீன்பிடி கயாக்கின் போக்கே மாறிவிட்டது. ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு, எடை 40 கிலோவைத் தாண்டும். அதைவிட முக்கியம், நம் ஆற்றில் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை. சீவலப்பேரிக்குக் கீழே பல இடத்தில் தண்ணீரே தெரியாத அளவுக்கு மண்டிக் கிடக்கும், பெடலின் அடியில் இருக்கும் சிறகிலோ விசிறியிலோ சுற்றினால் குனிந்து அறுத்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆழம் இரண்டடி இருக்கிற மணல் திட்டில் தட்டும். கடலுக்கு மட்டும் போகிறவர், கூட ஒரு ஆள் எப்போதும் வருவார் என்றால் பெடல் வாங்கட்டும்.

இனி ஆறு. பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை ஒரே ஓட்டமாக இறங்கலாம் என்று கூகுள் மேப்பைப் பார்த்துக் கனவு காண்கிறவர்கள் உண்டு. தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், அந்தத் தேக்கம்தான் நமக்கு மைதானம். கோடையிலும் அங்கே கயாக் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஒரு தேக்கத்திலிருந்து அடுத்ததுக்குப் போக வேண்டுமானால் கரையேறிச் சுமக்கத்தான் வேண்டும், 27 கிலோவின் அருமை அங்கே தெரியும். அணைக்கட்டின் மேல் வழிகிற தண்ணீரோடு குதித்து இறங்கிப் பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், கீழே விழுகிற தண்ணீர் சுருண்டு திரும்பி உள்ளே இழுக்கும், லைஃப் ஜாக்கெட் போட்டவனையும் விடாது.

ஆற்றுக்குப் போகும் முன்பு பேப்பரில் அணை நிலவரம் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பாபநாசம் அணை மொத்தம் 143 அடி. அதில் எவ்வளவு நிற்கிறது என்பதைவிட எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதைப் பாருங்கள், இழுப்பு அதைப் பொறுத்தது. கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்த புதுசில் நான் போவதில்லை. அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம்தான்) ஆற்றின் அடி பல இடத்தில் மாறிப்போனது. முன்பு ஆழம் இருந்த இடத்தில் மணல், மணல் இருந்த இடத்தில் வேரோடு வந்து சிக்கிய மரம். பழைய ஞாபகத்தை நம்பி வேகமாகப் போகக்கூடாது.

ஆற்றில் இந்த 10.5 அடி கச்சிதம். மருத மரத்து வேருக்கு ஓரமாகத் திருப்பலாம், நாணல் இடுக்கில் நுழையலாம். கெளுத்தியும் சிலேபியும் எப்போதும் உண்டு, விராலுக்குத் தவளை லூர், அதாவது தவளை மாதிரி செய்த போலி இரை. குளத்தில் இறக்க ஆசைப்பட்டால் முதலில் மீன்பாசி குத்தகை (குளத்து மீனைப் பிடிக்கும் உரிமை) யாரிடம் என்று விசாரித்து அவரிடம் கேட்டுவிடுங்கள், ஏலத்துக்கு எடுத்தவருக்கு அது வயிற்றுப்பாடு. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், அந்தப் பக்கம் கயாக் என்ற பேச்சே கிடையாது. அதேபோல பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், செக்போஸ்டிலேயே திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட.

நங்கூரம் பற்றி ஒன்று. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். ஆனால் ஓடுகிற தண்ணீரில் அதைக் கயாக்கின் பக்கவாட்டில் கட்டினால் கயாக் குறுக்கே நிற்கும், தண்ணீர் ஒரு பக்கம் ஏறிக் கவிழ்த்துவிடும். முனையிலோ பின்பக்கமோதான் கயிறு இருக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றை முனைக்குத் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னக் கப்பியைப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டேன். கயிற்றை அறுக்கக் கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்கட்டும்.

முக்காணிக்குக் கீழே புன்னக்காயல் பக்கம் உப்புத் தண்ணீர் தொடங்கிவிடும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். மன்னார் வளைகுடாவில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் ஓத அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், இருந்தாலும் தண்ணீர் வெளியே வடியத் தொடங்கும் நேரத்தில்தான் கொடுவா வாயில் நின்று மேயும். உயிர் மடவைக்குஞ்சு, அல்லது இறால். தட்டை அடிப்பாகம் உள்ள 32 அங்குல அகலம் இங்கே கைகொடுக்கும், கொடுவா துள்ளும்போது ஒரு பக்கம் சாய்ந்தாலும் கவிழாது.

கடலில் அதே அகலம் பாரம். சீராக நேராகப் போகாது, முனை இரண்டு பக்கமும் ஆடும், மணிக்கு நாலஞ்சு கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் வராது. கடலுக்கு மட்டும் என்றால் 12 அடிக்கு மேல் நீளமும் சுக்கானும் உள்ளதைத்தான் வாங்கச் சொல்வேன். நான் இரண்டுக்கும் ஒன்று என்று எடுத்ததால் கடலில் கரையை விட்டு அதிக தூரம் போவதில்லை. மணப்பாட்டில் கோயில் மேட்டின் மறைவில், கருமேனியாறு சேரும் பக்கம், பாறைக்குட்டியும் ஊளியும் பிடிக்க இது தாராளம்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. வைகாசி தொடங்கி புரட்டாசி வரை இங்கே கச்சான் காற்று. நம் கரை கிழக்கைப் பார்த்து இருக்கிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது, அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் அலையே இல்லாமல் தட்டையாகத் தெரியும். ஆசையாக இறங்கினால் போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போதுதான் தெரியும், துடுப்பு போட்டுக்கொண்டே நின்ற இடத்தில் நிற்போம். வாடையும் கொண்டலும் அடிக்கிற மாசங்களில் அலை நேராகக் கரையில் வந்து உடையும், அப்போது இறங்கவே முடியாது, ஆக அது ஒருவகையில் பாதுகாப்பு. மாசி, பங்குனி, சித்திரையில் விடிந்து பத்து மணிக்குள் என்பதுதான் என் கணக்கு. அதற்கு மேல் கடற்காற்று எழும்பிவிடும். காற்றே இல்லாமல் திடீரென்று பெரிய அலை வருகிற கள்ளக்கடலும் உண்டு, எங்கோ தெற்குக் கடலில் கிளம்பி வருவது அது, ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, அதைப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

நிறம் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பச்சையும் பழுப்பும் கலந்த ராணுவ நிறம் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்திருக்கும் நம்மை இருட்டில் வேகமாக வரும் ஃபைபர் படகுக்காரருக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு வாங்குங்கள், பின்னால் ஒரு கொடிக் கம்பு, தலையில் விளக்கு. ராணுவ நிறத்தில் ஒருவன் விடிகாலையில் கடற்கரையில் இறங்கினால் கடலோரக் காவல் படை கேள்வி கேட்கத்தான் செய்யும். ஆதார் கையில் இருக்கட்டும், கிளம்பும் முன்பு அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வலை எங்கே போட்டிருக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 கடலோரக் காவல்படை, இரண்டு எண்ணும் போனில் இருக்கட்டும். கூடங்குளம் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

மிச்சம் பிடித்த காசை எங்கே போடுவது? லைஃப் ஜாக்கெட், துடுப்பு, சீட், இந்த வரிசையில். ஜாக்கெட்டின் முதுகுக் கீழ்ப்பக்கம் பஞ்சு இல்லாமல் வலையாக இருந்தால்தான் சீட்டில் சாய முடியும். கயாக்கோடு கொடுத்த அலுமினியத் துடுப்பு வெயிலில் சுடும், கனமும் அதிகம், 32 அங்குல அகலத்துக்கு நீளமும் பத்தவில்லை. 240 சென்டிமீட்டர் ஃபைபர் துடுப்புக்கு மாறிய பிறகு தோள்வலி போயே போச்சு. அதைக் கயாக்கோடு கட்டுகிற சுருள் வயர் நூறு இருநூறு ரூபாய் சமாசாரம், இல்லாமல் போகவே கூடாது. கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதைக் கழுத்தளவு ஆற்றுத் தண்ணீரில் பழகிக்கொள்ளுங்கள், கயாக்கைப் புரட்டிப் போட்டு, காலை உதைத்து வயிற்றால் ஏறி, அப்புறம் திரும்பி உட்கார வேண்டும். தொப்பை இருந்தால் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

தேய்மானம் என்று பார்த்தால், உப்புத் தண்ணீருக்குப் போய்வந்து நல்ல தண்ணீரில் கழுவினாலும் சீட் போல்ட் எல்லாம் துருப்பிடித்தது. ஜங்ஷன் பக்கம் ஹார்டுவேர் கடையில் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்கி மாற்றினேன். பின்பக்க அடிமுனை கான்கிரீட்டில் இழுத்து இழுத்துத் தேய்ந்திருக்கிறது. வெயிலில் பட்டையை இறுக்கிக் கட்டி நிறுத்தினால் அடிப்பாகம் குழிந்துவிடும், குழிந்தால் வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளிச் சரிசெய்யலாம். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, மொட்டை மாடியில் கட்டாமல் போட்ட கயாக் நிச்சயம் நகரும்.

பழையது வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்கப்பர் ஓட்டைகளைச் சுற்றியும் சீட் மாட்டும் இடத்திலும் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், பின்பு திருகு மூடியைக் கழற்றி உள்ளே நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி இரண்டு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் வெல்டிங் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். பிளாஸ்டிக் வெளிறி, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது என்று அர்த்தம், அதை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.