மான்செஸ்டர்: ஐந்து மணிக்குக் கதவடைக்கும் ஊர்

மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வரப்போகும் நண்பர், "ஃபுட்பாலை விட்டால் மான்செஸ்டரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். பல வருஷமாக இங்கே குடியிருக்கிறவன் சொல்கிறேன்: நிறைய இருக்கிறது, முக்கியமான பல இடங்களில் டிக்கெட்டும் கிடையாது.

யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது டீன்ஸ்கேட்டில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு. கணவர் நினைவாக என்ரிகெட்டா ரைலண்ட்ஸ் கட்டி, 1900இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. வெளித்தோற்றத்தை வைத்துச் சர்ச் என்றே நினைப்பவர்கள் உண்டு. மாடியில் இருக்கும் வாசிப்புக் கூடத்தின் ஒரு கோடியில் கணவர், மறு கோடியில் அந்த அம்மா, இருவரும் வெள்ளைப் பளிங்குச் சிலையாக. கேஸ் விளக்கின் புகை புத்தகங்களைக் கெடுத்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே கரண்ட் விளக்கு போட்டிருக்கிறார்கள். யோவான் நற்செய்தி எழுதிய பாப்பிரஸ் என்ற பழங்காலத் தாளின் துண்டு ஒன்று இந்த நூலகத்தின் சொத்து. புதிய ஏற்பாட்டுப் பிரதிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. ஏடிஎம் கார்டு அளவுதான், இரண்டு பக்கமும் கிரேக்க எழுத்து.

அடுத்து அறிவியல் தொழில் அருங்காட்சியகம். 1830இல் லிவர்பூல் ரயில் வந்து நின்ற ஸ்டேஷன் அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பஞ்சை நூலாக்கித் துணியாக்கும் பழைய மெஷின்களும் உண்டு. கோவைக்காரனான எனக்கு இது தனி சந்தோஷம். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அசல் மான்செஸ்டரில் ஆன்கோட்ஸ் பக்கம் போனால் பழைய மில்களில் ஆட்கள் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறார்கள்.

செதாம்ஸ் நூலகத்தில் 1845இல் மார்க்ஸும் ஏங்கெல்ஸும் உட்கார்ந்து படித்த ஜன்னலோர மேஜை இருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, இத்தனை இருந்தும் என் வயிற்றெரிச்சல் தீர்ந்தபாடில்லை. மாலை ஐந்து மணிக்கு முக்கால்வாசி இடங்களைப் பூட்டிவிடுகிறார்கள். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறையவே ஒன்பதரை தாண்டும். வெளிச்சம் பளீரென்று அடிக்கும்போது வாசலில் பூட்டு! ஓர் இடத்தில், பேர் வேண்டாம், நாலரைக்கே பின்னாலிருந்து விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே நம்மை வாசல் பக்கம் ஓட்டி வருவார்கள். ஊழியர்களுக்கும் வீடு வாசல் உண்டு, காசும் வாங்குவதில்லை, குறை சொல்ல நமக்கு என்ன உரிமை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆனால் வேலைக்குப் போகிறவன் எப்போதுதான் பார்ப்பது? சனி ஞாயிறை விட்டால் வழியில்லை. அன்றைக்கு ஊரே அங்கேதான் நிற்கும்.

ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தாராளமாகப் போடலாம். ஆனாலும் நண்பரை யார்க் நகரத்துக்குப் போகச் சொல்லிவிட்டேன். அங்கே பொழுது சாயும்வரை கோட்டைச் சுவர்மேல் நடக்கலாம், அதற்கும் டிக்கெட் இல்லை.