பணம் கட்டியவன், கட்டாதவன், பாரிஷ் அனுப்பிய பிள்ளை: பழைய இங்கிலாந்தின் தொழில் பழகும் ஒப்பந்தங்கள்

இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டப்படி, ஒரு தொழிலைச் சொந்தமாகச் செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஏழு வருடம் ஓர் எஜமானிடம் பழகியிருக்க வேண்டும். 1814 வரை இந்த விதி சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஒப்பந்தத்தின் வாசகம் தலைமுறை தலைமுறையாகப் பெரிதாக மாறவில்லை. பையன் சூதாடக் கூடாது, மதுக்கடைக்குப் போகக் கூடாது, திருமணம் செய்துகொள்ளக் கூடாது, எஜமானின் தொழில் ரகசியத்தை வெளியே விடக் கூடாது. பதிலுக்கு எஜமான் தொழிலைக் கற்றுத்தர வேண்டும், சாப்பாடும் இடமும் தர வேண்டும். துணிமணி யார் பொறுப்பு என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், எந்த ஒப்பந்தம் நல்லது என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி வேறு: எஜமானுக்குத் தன் பங்கு எப்போது கைக்கு வருகிறது?

முதலில், பையனைச் சேர்த்துக்கொள்ள எஜமானுக்குச் சேர்க்கைப் பணம் கட்டும் வழி. வசதியான குடும்பங்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தன. இந்தத் தொகைகள் அரசின் கண்ணில் படும் அளவுக்குப் பெரியவை. 1710-லிருந்து, சேர்க்கைப் பணம் 50 பவுண்டு வரை என்றால் பவுண்டுக்கு 6 பென்ஸ், அதற்கு மேல் பவுண்டுக்கு 1 ஷில்லிங் (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) என்று எஜமானிடம் வரி வாங்கினார்கள். இதில் உள்ள சிக்கல் வெளிப்படை. பணம் முதல் நாளே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பையன் நன்றாகக் கற்றாலும் கற்காவிட்டாலும் எஜமானுக்கு நஷ்டமில்லை. அவரைத் தட்டிக்கேட்க அப்பா ஒருவர் இருப்பதுதான் பையனுக்குக் காவல். பணத்தால் காலத்தைச் சுருக்கவும் முடிந்தது. ஜேம்ஸ் வாட் 1755-ல் லண்டனில் ஜான் மார்கன் என்ற கருவி செய்பவரிடம் 20 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) கொடுத்து, கூடவே உழைப்பையும் கொடுத்து, ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டார்.

இரண்டாவது, பணமில்லாமல் சேர்வது. மைக்கேல் ஃபாரடே 1805-ல், 14 வயதில், ஜார்ஜ் ரீபோ என்ற புத்தகம் கட்டுபவரிடம் இப்படித்தான் ஏழு வருடத்துக்குச் சேர்ந்தார். அப்பா கொல்லர், உடம்பு முடியாதவர். பையனின் உண்மையான சேவையே போதும் என்று பணம் வேண்டாமென்றார் ரீபோ. எனக்கு இந்த வகைதான் பிடிக்கிறது. முதல் வருடங்களில் எஜமானுக்குச் செலவுதான். கை தேர்ந்த பிறகு பையன் செய்யும் வேலையில்தான் அதை மீட்க முடியும். அதனால் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். கட்ட வந்த புத்தகங்களைப் படிக்கவும் ரீபோ விட்டார் என்பது ஃபாரடேயின் அதிர்ஷ்டம். அதை எந்த ஒப்பந்தமும் தர முடியாது.

மூன்றாவதைத் தேர்வு என்றே சொல்ல மனம் வரவில்லை. 1601 ஏழையர் சட்டப்படி, பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப் பகுதி, அங்குள்ள ஏழைகளைப் பராமரிப்பதும் அதன் பொறுப்பு) அதிகாரிகள் இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் ஒப்புதலோடு ஏழைப் பிள்ளைகளை யாரிடமும் கட்டிவைக்கலாம். ஆண் பிள்ளைக்கு 24 வயது வரை. 1778-ல்தான் அது 21 ஆனது. இன்னொரு கணக்கும் உண்டு. வேறு பாரிஷில் பழகுநராக 40 நாள் தங்கினால், பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தப் பாரிஷுக்குப் போய்விடும். அப்புறம் கேட்பானேன்! ராபர்ட் பிளிங்கோ 1799-ல் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஏழையர் விடுதியிலிருந்து நாட்டிங்காம் அருகே லவ்தம் பஞ்சாலைக்கு அனுப்பப்பட்டபோது வயது ஏழு இருக்கும். 21 வயது வரை விடுதலை கிடையாது. முதல் வேலை, தரையில் சிதறிய பஞ்சைப் பொறுக்குவது. கற்றுக்கொடுக்காமலே முதல் நாளிலிருந்து ஆலைக்கு லாபம். 1802 சட்டம் இத்தகைய பிள்ளைகளின் வேலை நேரத்தை 12 மணிக்குள் அடக்கச் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவே சலுகை என்று கருதிய காலம் அது.

ரீபோ வகையிலும் ஒரு குறை: கடைசி வருடங்களில் தேர்ந்த கைக்குக் கூலியே இல்லை. கடல் தாண்டி பாஸ்டனில், 1718-ல் 12 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் சேர்ந்தபோது இதற்கு ஒரு தீர்வு எழுதினார்கள்: 21 வயது வரை வேலை, கடைசி வருடம் மட்டும் தேர்ந்த தொழிலாளிக்குரிய கூலி. அருமையான ஷரத்து. ஆனால் அண்ணனின் அடி பொறுக்காத பையனுக்கு அந்தக் கடைசி வருடம் வெகு தூரத்தில் இருந்தது. 1723-ல் அவர் கிளம்பிவிட்டார். ஊரில் வேறு எந்த அச்சகமும் சேர்த்துக்கொள்ளாதபடி அண்ணன் சொல்லிவைத்துவிட்டதால், முதலில் நியூயார்க், பிறகு ஃபிலடெல்ஃபியா.