கேம்பிங் டயரா, வேன் டயரா: அச்சின் எடையைக் கேளுங்கள்

பிரிட்டனில் பழைய ஃபியட் டுகாட்டோ வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்குகிறவர்கள் டயர் மாற்றும் நேரத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். பக்கச்சுவரில் 'சிபி' என்று போட்ட கேம்பிங் டயரா, 'சி' மட்டும் போட்ட வேன் டயரா? நான் 'சி' டயர் போட்டேன், அதிலும் வெயில், மழை, பனி எல்லாவற்றுக்குமான ஆல் சீசன் ரகம். இன்னொரு முறை வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன்.

விலை, பிராண்டு, கறுப்பு வளையத்தின் அழகு எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டியின் எடைத் தகடு. என்னுடையது 15 அங்குலச் சக்கரமுள்ள 3,500 கிலோ வகை. தகட்டில் மொத்த எடை 3,500, முன் அச்சு 1,850, பின் அச்சு 2,000 என்று இருக்கிறது. இரண்டு அச்சையும் கூட்டினால் 3,850 வருகிறதே, அவ்வளவு ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மூன்று எண்களும் தனித்தனி எல்லைகள், எதையும் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் அபராதம், விபத்தானால் இன்சூரன்ஸ் தகராறு. தகட்டு எண்ணையே உயர்த்திப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் 1997 ஜனவரி 1 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு டீசல் வண்டியில் 3,500-ஐத் தாண்ட நடுத்தர லாரிக்கான சி1 லைசென்ஸ் வேண்டும். எனக்கு அது இல்லை.

இப்போது டயர். என் வண்டிக்கு வருவது 225/70 ஆர்15. இந்த அளவில் மிஷலினின் அஜிலிஸ் கிராஸ்கிளைமேட் 'சி' டயர், அதே கம்பெனியின் அஜிலிஸ் கேம்பிங் 'சிபி' டயர் இரண்டுக்கும் சுமைக் குறியீடு 112. அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். பின் அச்சில் இரண்டு டயர், 2,240 கிலோ. அச்சின் எல்லையோ 2,000. ஆக, தாங்குகிற திறனை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. "சிபி போட்டால் கூடுதலாக ஏற்றலாம்" என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எந்த டயர் போட்டாலும் தகட்டு எண் ஒரு கிலோகூட ஏறாது.

பிறகு சிபி எதற்கு? வருஷம் முழுக்க எல்லை எடையைச் சுமந்து, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற மோட்டார்ஹோம்களுக்காகச் செய்த டயர் அது. உட்கட்டு வலுவானது, உள்ளே அடிக்கிற காற்றின் அழுத்தமும் அதிகம்: பின் சக்கரத்துக்கு வழக்கமாகச் சொல்வது 5.5 பார், கிட்டத்தட்ட 80 பிஎஸ்ஐ. 'சி' டயருக்கு முழுச் சுமையில் 4.5 பார், 65 பிஎஸ்ஐ. இந்த வித்தியாசம்தான் என் முடிவைத் தீர்மானித்தது.

காரணம் எடைமேடையில் கிடைத்த சீட்டு. டீசல் முழுக்க, 70 லிட்டர் தண்ணீர், இரண்டு பேர், துணிமணி, அரிசி பருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினேன். முன் அச்சு 1,520, பின் அச்சு 1,770, மொத்தம் 3,290. பின் அச்சில் இன்னும் 230 கிலோ மிச்சம். உள்வேலைக்கு 18 மில்லி பிர்ச் பிளைவுட் போட்டிருந்தால் இந்த மிச்சம் இருந்திருக்காது. எட்டுக்கு நாலு பலகை ஒன்று 36 கிலோ வரும். பாப்லர் மரப் பிளைவுட் 15 மில்லி ஏறக்குறைய 20 கிலோதான்.

பின் டயர் ஒன்றுக்கு 885 கிலோ வருகிறது. சமையல் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அந்தச் சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட. இந்த எடைக்கு 80 பிஎஸ்ஐ அதிகம். இதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் வேனில் சிபி டயர், பின்னால் 80. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அலமாரிக்குள் டம்ளர்கள் துள்ளும். ஒரு நாள் அவருடைய பின் டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு இழுத்து, நேரான சாலையில் கொஞ்ச தூரம் உருட்டிப் பார்த்தோம். நடுவில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. இரு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. டயர் நடு முதுகில்தான் ஓடுகிறது என்று அர்த்தம். தேய்மானம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது தரையைத் தொடுகிற ரப்பரும் குறைவு.

சிபி டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்றால், தயாரிப்பாளரிடம் அச்சு எடையைச் சொல்லிக் கேட்டால் அவர்களே எண் தருவார்கள். நான் என் 'சி' டயருக்கு அப்படித்தான் கேட்டேன். பின் சக்கரத்துக்கு அவர்கள் சொன்னது ஐம்பதுகளில் ஒரு பிஎஸ்ஐ எண். என் எடைக்கான எண் அது; உங்கள் சீட்டை வைத்து நீங்கள் கேளுங்கள். எடை பார்க்காமல் குத்துமதிப்பாகக் குறைத்து ஓட்டுவது 80-ஐ விட மோசம். காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும்.

அழுத்தம் குறைவாக இருப்பதால் பராமரிப்பும் சுலபம். சாதாரண ரப்பர் வால்வு 4.5 பார் வரைக்கும்தான், 5.5 என்றால் உலோக வால்வு கட்டாயம், டயர் கடையில் நாம் சொல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள். பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாய்கள் பல 80-ஐ எட்டுவதற்குள் மூச்சு வாங்கும்.

அடுத்தது பனி முத்திரை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த அந்த அடையாளம் இல்லாவிட்டால், 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் அது குளிர்கால டயராகக் கணக்கில் வராது; சேறு, பனி இரண்டையும் குறிக்கிற 'எம்+எஸ்' எழுத்து மட்டும் போதாது. பிரான்ஸின் மலைப் பகுதிகளிலும் நவம்பர் முதல் மார்ச் வரை இதே கதைதான். அஜிலிஸ் கிராஸ்கிளைமேட்டில் முத்திரை உண்டு. பழைய அஜிலிஸ் கேம்பிங்கில் எம்+எஸ் மட்டும். இதைச் சரிக்கட்டத்தான் கிராஸ்கிளைமேட் கேம்பிங் என்று முத்திரையோடு ஒரு சிபி டயர் வந்தது. கடும் பனியில் நான் ஓட்டியது மிகக் குறைவு, அதனால் அங்கே பிடிமானம் எப்படி என்று என்னை நம்ப வேண்டாம். ஆனால் முகாம்களின் ஈரப் புல்லில், முன் சக்கரம் இழுக்கிற இந்த வேன் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஏறி வருகிறது.

சிபி பக்கம் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வண்டி வாரம் தவறாமல் ஓடுகிறது. அக்டோபரில் மூடி ஏப்ரலில் எடுக்கிறவர்களுக்கு, ஒரே இடத்தில் நின்று நசுங்கும் டயர் பெரிய கவலை. அப்படி நிறுத்தி வைத்து 'சி' டயரை நான் சோதித்ததில்லை. எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். கேம்பர் டயர்கள் பெரும்பாலும் பட்டன் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெட்டுப்போகின்றன. கடையில் இரண்டு வருஷம் கிடந்ததைப் புது விலைக்கு வாங்காதீர்கள்.

வீட்டில் இப்போது பின்னால் இரண்டு மின்சார சைக்கிள் மாட்ட வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. தாங்கியோடு 65 கிலோ. அது பின் அச்சுக்கு 1.3 மீட்டர் பின்னால் தொங்கும்; இரண்டு அச்சுக்கும் இடையே 4.03 மீட்டர். நெம்புகோல் கணக்கில் பின் அச்சில் ஏறுவது 65 அல்ல, சுமார் 86 கிலோ. முன் அச்சில் 21 கிலோ குறையும், அதுவும் இழுக்கிற சக்கரம். பின் அச்சு 1,856 ஆனாலும் எல்லைக்குள்தான், காற்றழுத்தத்தை மட்டும் மறுபடி கேட்டு ஏற்ற வேண்டும். இதற்கு மேல் வெளிப் பந்தல், இரண்டாவது பேட்டரி என்று சேர்ந்து பின் அச்சு 1,950-ஐத் தொட்டால் அடுத்த முறை கிராஸ்கிளைமேட் கேம்பிங்கின் விலையைத்தான் முதலில் விசாரிப்பேன்.