வெள்ளை ஐந்து ரூபாவுக்கு 18,000 கொடுத்துவிட்டேன், நீங்கள் கொடுக்காதீர்கள்

மாங்குளம் சந்திக்குப் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இரவில் லாச்சிக் காசை எண்ணும்போது காசு சேர்ப்பவர்கள் தேடும், பிழையாக அடிபட்ட குத்தி (நாணயம்) ஏதும் கிடக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது என் பல வருடப் பழக்கம். அது தெரிந்துதான் எனக்கு அந்தக் காசை விற்ற மனுசன் வந்திருக்க வேண்டும்.

அவர் காட்டியது 2006 என்று ஆண்டு போட்ட ஐந்து ரூபாக் குத்தி. மஞ்சளாக இருக்க வேண்டியது, சாம்பல் வெள்ளையாக இருந்தது. “அண்ணை, பித்தளை முலாம் பூசாமலே அடிச்ச காசு” என்றார். ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. “பாத்தீங்களே, வெறும் உருக்கு.” நான் நம்பி 18,000 ரூபா எண்ணிக் கொடுத்தேன். மகளின் ரியூசன் காசும் அதற்குள் போனது.

அவர் போன பிறகுதான் லாச்சியில் கிடந்த மஞ்சள் ஐந்து ரூபாக்களில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். எல்லாமே ஒட்டின! 2005இலிருந்து வந்த மஞ்சள் ஐந்து ரூபா உள்ளே உருக்குத்தான், மேலேதான் பித்தளை முலாம். ஆக, அந்தக் காந்தம் எதையும் காட்டவில்லை. (2017 என்று போட்ட ஐந்து ரூபா துருப்பிடிக்காத உருக்கு, அது வெள்ளையாகத்தான் இருக்கும். அதையும் அதிசயம் என்று விற்க வருவார்கள்.)

தெரிந்த நகைப் பத்தரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை வைத்து ‘இலங்கை’ என்ற எழுத்தைக் காட்டினார். ‘ல’வின் சுழி கரைந்து நூல் போல மெலிந்திருந்தது, சுற்றிவர ஊசி குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாகப் பள்ளம். முலாம் பூசின பிறகுதான் தகட்டை அச்சில் அடிப்பார்கள். முலாம் தவறிப்போன தகடென்றால் நிறம் மட்டுந்தான் மாறும், எழுத்து மற்றக் காசில் போலவே கூராக நிற்கும். இது மஞ்சள் காசாக வெளியே வந்து, பிறகு யாரோ அசிட்டில் ஊறப்போட்டது. தராசில் வைத்தார். லாச்சிக் காசுகள் ஏழரைக் கிராமுக்கு மேலே நின்றன, இது ஏழைக்கூடத் தொடவில்லை.

விற்ற மனுசனுக்குத் தொலைபேசி எடுத்தேன், வேலை செய்யவில்லை.

இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் ஒருவர் ஒரு ரூபாக் குத்தி கொண்டு திரிகிறாராம். ஒரு பக்கம் ‘1’ கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிப் பள்ளமாக இருக்கிறதாம். அப்படி உண்மையிலேயே வரும்: முன்னே அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த தகட்டில் அதன் உருவம் இடம் வலம் மாறிப் பள்ளமாகப் பதியும். ஆனால் இரண்டு காசை இடுக்கியில் வைத்து நெரித்தாலும் கிட்டத்தட்ட அதே கோலம் கிடைக்கும். நெரித்த காசில், பள்ளமான ‘1’க்குக் கீழே அந்தப் பக்கத்துப் பழைய படம் நசுங்கிக் கிடக்கும். அதை வெயிலில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். பார்க்க விடாமல் அவசரப்படுத்தினால் வாங்காமல் குத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்க முன்னம் என் கடைக்கு வந்தாலும் சரி. அந்த வெள்ளைக் குத்தியை லாச்சியிலேயே வைத்திருக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.