டாமாவுக்கு மூன்று ஸ்டார், மூவோஸுக்கு நான்கு

கப்பலில் வேலை பார்த்தபோது ஒரே விசாட் (செயற்கைக்கோள் வழி இன்டர்நெட்) இணைப்பை இருபத்திரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வீடியோ கால் போட உட்கார்ந்தால் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும், "சாப்பிட்டியா"வில் பாதிதான் வந்து சேரும். இதே தலைவலியை அமெரிக்க ராணுவம் எப்படிச் சமாளித்தது என்று வெளியில் கிடைக்கிற தகவல்களைத் தேடிப் படித்ததில் வந்த ரிவ்யூ இது: செயற்கைக்கோள் சேனலைப் பலருக்கு முறை போட்டுப் பங்கிடும் டாமா என்ற ஏற்பாட்டுக்கும், அதற்குப் பின் வந்த மூவோஸ் என்ற செயற்கைக்கோள் தொகுப்புக்கும். அந்த ரேடியோக்களை நான் கையில் தொட்டதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராணுவத்துக்குள் குழுக்கள் அடித்துக்கொள்வது யுஎச்எஃப் (UHF) என்ற அலைவரிசைக்காக. செயற்கைக்கோளுக்கு ஏறுவது 300 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, இறங்குவது 250ஐ ஒட்டி. மழையோ மரக்கிளையோ பெரிதாகத் தடுக்காது, பெரிய டிஷ் வேண்டாம், முதுகுப் பையில் வருகிற ஆன்டெனா போதும். அதனால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும், சேனல்களோ கொஞ்சம். 1978இல் ஏவத் தொடங்கிய ஃப்ளீட்சாட்காம் என்ற பழைய செயற்கைக்கோள்களின் காலத்தில் ஒரு 25 கிலோஹெர்ட்ஸ் சேனலை ஒரு குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், அவர்கள் நாள் முழுக்கப் பத்து நிமிடம் பேசினாலும் வேறு யாரும் உள்ளே வர முடியாது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு ஆள் டீ குடிக்கப் போன கதை.

டாமா அந்தத் துண்டை எடுத்துக் கடாசியது. கேட்பவருக்குக் கேட்கும்போது இடம். சேனலின் நேரத்தை 1.3866 வினாடிச் சட்டங்களாக (ஃப்ரேம்) வெட்டி, ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் நான்கைந்து உரையாடல்களுக்குத் துண்டு துண்டாக இடம் ஒதுக்கினார்கள். கணக்கில் அபாரம். ஆனால் பேசுகிறவன் நிலைமை? பட்டனை அமுக்கிப் பேசினால் குரல் உள்ளேயே சேர்ந்து, தன் முறை வந்த பிறகுதான் கிளம்பும், அப்புறம் செயற்கைக்கோள் போய்வரக் கால் வினாடி, பதிலுக்கும் இதே காத்திருப்பு. 5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் சட்டத்தின் நீளமே 8.96 வினாடி, அதாவது நீங்கள் பேசி முடித்து, எதிராளிக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடி பேச ஆரம்பிக்கும்போதுதான் முதலில் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மேலே குண்டு விழும்போது டோக்கன் வாங்கி நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? தனிச் சேனல்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் குறையாததில் ஆச்சரியமே இல்லை. பின்னால் வந்த இன்டகிரேட்டட் வேவ்ஃபார்ம் என்ற புதிய பங்கீட்டு முறை இதைக் கொஞ்சம் சரிசெய்தது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பழைய செயற்கைக்கோள்கள் கீழிருந்து எது வந்தாலும் யார் எவர் என்று கேட்காமல் திருப்பி அனுப்பிவிடும். பிரேசிலில் லாரி ஓட்டுநர்கள் உள்பட பலர் வருடக்கணக்கில் இதில் ஓசியில் அரட்டை அடித்து, 2009இல் போலீஸ் பிடித்தது!

மூவோஸ் வேறு ஜாதி. நம் 3ஜி போனில் இருந்த டபிள்யூசிடிஎம்ஏ தொழில்நுட்பம்தான், ஆளுக்கொரு குறியீட்டோடு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், முறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சிக்னலை 16 கற்றைகளாக (பீம்) வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரித்துப் பரப்புவதால் ஒரே அலைவரிசையை ஒவ்வொரு கற்றையிலும் மறுபடி பயன்படுத்த முடிகிறது. வேகம் 384 கேபிபிஎஸ் வரை. ஒரு சின்னக் குறை, பேச்சு தரைநிலையத்துக்கு இறங்கி மறுபடி மேலே ஏறித்தான் போகவேண்டும், ஆக இரண்டு தடவை விண்வெளிப் பயணம், அரை வினாடி அதிலேயே காலி. டாமாவைப் பார்த்தவனுக்கு அது ஒன்றுமே இல்லை.

ஐந்தாவது ஸ்டாரை நான் பிடித்து வைத்ததற்குக் காரணம் வேறு. 2012 முதல் 2016க்குள் ஐந்து மூவோஸ் செயற்கைக்கோள்களையும் மேலே அனுப்பிவிட்டார்கள், ஆனால் அவற்றோடு பேசத் தெரிந்த ரேடியோ அப்போது போதுமான அளவுக்கு ராணுவத்தின் கையில் இருக்கவில்லை. ரோடு போட்டாகிவிட்டது, வண்டிதான் வந்திருக்கவில்லை. நல்லவேளை, ஒவ்வொரு மூவோஸிலும் பழைய யுஎச்எஃப் ரேடியோக்களுக்கென்று தனிப்பகுதி ஒன்றைச் சேர்த்தே வைத்திருந்தார்கள். அந்த வருடங்களில் வேலையை ஓட்டியது அந்தப் பழைய வழிதான், டாமாவின் மூன்றாவது ஸ்டார் அதற்காக.